அந்தக் காரை டல்லஸோடு மட்டும் சேர்த்து எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய அமெரிக்க சொகுசு கார்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஃபோர்டு நிறுவனம் லிங்கன் என்ற பெயரில் விற்ற சொகுசு கார்களில் ஒன்றான 1941 லிங்கன் கான்டினென்டலைப் பற்றிய பகுதி மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அதே பெயரில் இருபது வருடம் கழித்து வந்த 1961 காரை மூன்றே வரியில் முடித்துவிட்டீர்கள். 1963-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி டல்லஸ் நகரில் சுடப்பட்டபோது சென்ற கார் என்பதைத் தவிர அதற்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை என்கிற மாதிரி ஒரு வரி. அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் கோவையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன் என்று கை கறுத்தே வளர்ந்தேன். பிறகு டிப்ளமோ படித்து, 1996-ல் மிச்சிகன் வந்து, இருபது வருடத்துக்கு மேல் கார்களுக்கு வயரிங் வடிவமைக்கும் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு, பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு சின்னப் பட்டறைக்கு வாரம் மூன்று நாள் போகிறேன். வயரிங் மட்டும்தான் என் பொறுப்பு. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டிவிடுவார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் நவம்பரிலேயே வண்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். ரிப்பேர் வேலையெல்லாம் அந்த மாதங்களில்தான் நடக்கும். மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒரு குளிர்காலத்தில் 1941 கான்டினென்டல் ஒன்றும் 1961 கான்டினென்டல் ஒன்றும் எங்கள் பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டையும் கையால் தொட்டுப் பார்த்தவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் 1941. அதன் அழகைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இன்னும் கொஞ்சம் சேர்க்கத்தான் ஆசை. ஹென்றி ஃபோர்டின் ஒரே மகன் எட்செல் ஃபோர்டு, ஃப்ளோரிடாவில் குளிர்கால விடுமுறையில் ஓட்டுவதற்காகத் தனக்கென்று கேட்ட கார் அது. ஐரோப்பியக் கார் மாதிரி இருக்க வேண்டும் என்றார். ஃபோர்டின் வடிவமைப்பாளர் பாப் கிரெகரி, லிங்கன் ஸெஃபிர் காரின் வரைபடத்தை எடுத்து அதன் மேலேயே கிரேயானால் கோடு போட்டார். பானெட்டைத் தாழ்த்தினார், நீட்டினார், பயணிகள் உட்காரும் பகுதியைப் பின்னால் தள்ளினார், ஸ்டெப்னியை டிக்கிக்குப் பின்னால் நேராக நிறுத்தினார். அவ்வளவுதான். 1939-ல் அந்த முதல் வண்டியை எட்செல் பாம் பீச்சில் ஓட்டிப்போனதும் பார்த்தவர்களெல்லாம் எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க, விற்பனைக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1940 வண்டி ஒன்றை வாங்கித் தனக்குப் பிடித்த சிவப்பில் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். 1951-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டே எட்டுக் கார்களைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சி வைத்தபோது அதில் 1941 கான்டினென்டலும் இருந்தது.

எங்கள் டிங்கர் அந்த 1941 வண்டியின் பழைய பெயின்டை முழுக்க எடுத்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முன் கண்ணாடிக்குக் கீழே, மட்கார்டு வந்து உடம்போடு சேரும் இடத்தில், இரும்பு தெரியவில்லை. மங்கலான சாம்பல் நிறத்தில் ஈயம். இப்போது நாம் பட்டி பூசுகிற இடத்தில் அப்போது ஈயத்தை உருக்கி ஊற்றி, மரத் துடுப்பால் தள்ளி, அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருக்கிறார்கள். விரலை வைத்துத் தடவினால் அரத்தின் வரிகள் தெரிந்தன. இடது பக்கத்தில் ஓர் அளவு, வலது பக்கத்தில் வேறு அளவு. முதல் வருட கார்களில் தகடுகளைக் கையாலேயே அடித்து வளைத்தார்கள். 1941-ல்தான் அச்சுகள் செய்தார்கள். அச்சு வந்த பிறகும் இவ்வளவு ஈயம் தேவைப்பட்டிருக்கிறது. அந்த வருடம் செய்ததே மொத்தம் 1,250 வண்டிகள்தான். பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் தோளும் மணிக்கட்டும் போய்வந்த தடம் எண்பது வருடம் பெயின்டுக்கு அடியில் அப்படியே இருந்தது. நானும் கைவேலை செய்து வளர்ந்தவன் என்பதால் கொஞ்ச நேரம் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

அப்புறம் பானெட்டைத் திறந்தோம். இங்கேதான் உங்கள் கட்டுரையிலிருந்து நான் பிரிகிறேன். பன்னிரண்டு சிலிண்டர் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டு சிலிண்டர்தான், 292 கன அங்குலம், அதாவது சுமார் 4.8 லிட்டர். கிடைப்பதோ 120 குதிரைத்திறன். ஃபோர்டின் சாதாரண வி-8 எஞ்சின் எப்படியோ அதே முறையில் கட்டி, நான்கு சிலிண்டரைக் கூட்டியது போன்ற எஞ்சின் அது. வால்வு எல்லாம் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருக்கும். எரிந்த புகை வெளியே போவதற்கு முன் பிளாக்கின் உள்ளேயே சிலிண்டர்களுக்கு நடுவில் புகுந்து போக வேண்டும். அந்தச் சூடு முழுக்கத் தண்ணீருக்குப் போகும். தண்ணீர் ஓடும் வழியோ குறுகல். எண்ணெயும் சீக்கிரம் கெட்டுச் சகதியாகும். மெதுவாக, பக்குவம் தெரிந்து ஓட்டினால் பட்டு மாதிரி ஓடும். அதில் சந்தேகமில்லை. எங்களிடம் வந்த வண்டியின் சொந்தக்காரர் பக்குவம் தெரிந்தவர், அவர் எஞ்சின் இன்றும் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் வாங்கிய எத்தனையோ பேர் அந்த எஞ்சினோடு மல்லுக்கட்ட முடியாமல் அதைக் கழற்றிவிட்டு வேறு வி-8 எஞ்சினை ஏற்றிக்கொண்டார்கள் என்பது பழைய கார் வட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கீழே பார்த்தால் முன்னும் பின்னும் குறுக்கே படுத்திருக்கும் பட்டை ஸ்பிரிங். ஃபோர்டின் பழைய மாடல்-டி கார் காலத்து ஏற்பாடு. ஹென்றி ஃபோர்டு அதை விட்டுக்கொடுக்கவே இல்லை.

எட்செல் மீது எனக்கு மரியாதை உண்டு. அப்பாவின் நிழலில் இருந்துகொண்டே அழகான காரியங்களைச் செய்தவர், 1943-ல் 49 வயதிலேயே போய்விட்டார். அவர் கண் போன இடமெல்லாம் அந்தக் கார் அழகாக இருக்கிறது. கண் போகாத இடத்தில் அதே அக்கறை இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்லக் கூடாது என்று சிலர் நினைக்கலாம். கூடுதலாகக் காசு கொடுத்து சொகுசு கார் என்று வாங்குகிறவர் வழியில் நிற்காமல் வீடு போய்ச் சேர வேண்டாமா?

இனி 1961.

1958-லிருந்து 1960 வரை வந்த லிங்கன் கார்கள் மிகப் பெரியவை. 1960 வண்டி 227 அங்குல நீளம், கிட்டத்தட்ட 19 அடி. அவற்றால் ஃபோர்டுக்கு நஷ்டம் வந்துகொண்டே இருந்தது. லிங்கனையே மூடிவிடலாமா என்று மேலிடத்தில் பேச்சு நடந்தது. அந்த நேரத்தில் எல்வுட் எங்கல் என்ற வடிவமைப்பாளர், டியர்பார்னில் ஃபோர்டின் வடிவமைப்புக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஓர் ஒடுக்கமான அறையில், ஃபோர்டின் இன்னொரு காரான தண்டர்பேர்டின் புதிய மாடலுக்காக ஒரு களிமண் மாதிரியைச் செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்த ஃபோர்டின் மேலதிகாரி ராபர்ட் மெக்னமாரா, இதையே நான்கு கதவு வைத்து லிங்கனாக்க முடியுமா என்று கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 1961 கான்டினென்டல். முந்தைய வண்டியைவிட சுமார் 15 அங்குலம் குட்டை. இறக்கை இல்லை, பளபளப்புப் பட்டைகள் இல்லை. பக்கவாட்டில் வெறும் தட்டைத் தகடு. மேல் விளிம்பில் முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரைக்கும் எவர்சில்வரில் ஒரே ஒரு மெல்லிய கோடு. பக்கத்துத் தெருவில் நின்ற கார்களெல்லாம் ராக்கெட் மாதிரி வால் தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் இவ்வளவு அடக்கமாக ஒரு காரைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அந்த அடக்கம் 1941-லும் உண்டு. பெயரைத் தவிர இரண்டு வண்டிகளையும் சேர்த்து வைக்கிற விஷயம் அதுதான் என்பது என் எண்ணம். ஆனால் 1961-ல் அக்கறை தகட்டோடு நிற்கவில்லை. அது மிச்சிகனில் விக்சம் என்ற ஊரில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் செய்த கார். ஒவ்வொரு எஞ்சினையும் நிமிடத்துக்கு 3,500 சுற்றில் மூன்று மணி நேரம் ஓடவிட்டு, பிறகு பிரித்துப் பார்த்து, மறுபடி கோத்தார்கள். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று இல்லை, ஒவ்வொன்றையும். 430 கன அங்குலம், 300 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் அது. கியர்பாக்ஸை அரை மணி நேரம் தனியாக ஓட்டிப் பார்த்தார்கள். முழு வண்டியானதும் 12 மைல் சாலையில் ஓட்டிச் சோதித்தார்கள். அதற்குப் பிறகே விற்பனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் அல்லது 24,000 மைல் உத்தரவாதமும் கொடுத்தார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் வேறு யாரும் அப்படிக் கொடுக்கவில்லை. நான் எலக்ட்ரீஷியன், எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. வயர் இணைப்புகளைத் தண்ணீர் புகாமல் மூடி வைத்திருந்தார்கள். மிச்சிகன் உப்புத் தண்ணீரில் அறுபது குளிர்காலம் கண்ட ஒரு வண்டியில் சில இணைப்புகளைப் பிரித்தபோது உள்ளே செம்பு இன்னும் பளிச்சென்று இருந்தது.

எங்களிடம் வந்தது நான்கு கதவு, திறந்து மூடும் கூரை கொண்ட வண்டி. அதன் கூரையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. சுவிட்சை அழுத்தினால் முதலில் டிக்கி மூடியின் பூட்டு விடுபடும். மூடி வழக்கத்துக்கு மாறாக முன் பக்கம் திறந்து பின்னால் சாயும். பிறகு முன் கண்ணாடி மேல் கூரையைப் பிடித்திருக்கும் திருகுகளை ஒரு மோட்டார் கழற்றும். கூரை எழும்பி, மடிந்து, டிக்கிக்குள் இறங்கும். மூடி திரும்பச் சாத்திக்கொள்ளும், பூட்டிக்கொள்ளும். கூரை இருந்த சுவடே வெளியில் தெரியாது. கம்ப்யூட்டர் கிடையாது, ஒரு சில்லு கிடையாது. ஹைட்ராலிக் பம்பும் மோட்டார்களும் ரிலேக்களும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) லிமிட் சுவிட்சுகளும்தான். ஒரு வேலை முழுதாக முடிந்து ஒரு சுவிட்ச் அமுங்கினால்தான் அடுத்த ரிலேக்கு மின்சாரம் போகும். "டக்" என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு "டக்". அந்தச் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த வண்டியில் டிக்கி மூடி பாதி திறந்து நின்றுவிட்டது. இதற்கு முன் யாரோ ஒரு மெக்கானிக் பொறுமையில்லாமல் இரண்டு ரிலேக்களைத் தாண்டி நேர் வயர் போட்டு, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார். அதையெல்லாம் பிரித்து எடுக்கவே நான்கு நாள். பிறகு டெஸ்ட் லேம்ப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றில் பாயின்ட் கரி பிடித்திருந்தது, தேய்த்ததும் சரியாகிவிட்டது. இன்னொரு இடத்தில் விளக்கு ஒரு நேரம் எரியும், ஒரு நேரம் எரியாது. கடைசியில் டிக்கி கீல் பக்கத்தில் ஒரு வயர். மேலே உறை நன்றாக இருந்தது. விரலால் வளைத்துப் பார்த்தபோது உள்ளே கம்பி இற்றுப்போயிருந்தது நெருடியது. ஆயிரம் முறை திறந்து மூடி, அந்த ஒரு வளைவிலேயே மடிந்து மடிந்து செம்பு அறுந்துவிட்டது. ஓரடி புது வயர் போட்டேன். அடுத்த முறை சுவிட்சை அழுத்தியபோது எல்லா "டக்"கும் வரிசையாகக் கேட்டது.

அன்று சாயங்காலம் வண்டிக்காரம்மா வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். வண்டி அவர் அப்பா புதிதாக வாங்கியது. பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். (கூரை திறக்கும் வண்டியில் பின் கதவைத் திறந்தால் அதன் கண்ணாடி தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும், சாத்தினால் மேலேறும். அதையும் ஒரு சுவிட்ச் வைத்து யோசித்திருக்கிறார்கள்.) கூரை இறங்கி முடிகிற வரைக்கும் அவர் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: 1963 நவம்பரில் அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம். அதற்கு முன் அவர்கள் வண்டி தெருவில் போனால் பிள்ளைகள் கை காட்டுவார்கள். அதற்குப் பிறகு பெரியவர்கள் நின்று பார்த்தார்கள், யாரும் எதுவும் பேசவில்லை. அவர் அப்பா அடுத்த கோடை முழுக்கக் கூரையைத் திறக்கவே இல்லை.

உங்கள் கட்டுரையைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

கட்டுரையில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும். கென்னடி சென்ற வண்டி கடையில் விற்ற கார் அல்ல. படத்துக்குக் கீழே நீங்கள் போட்டிருந்த குறிப்பு தவறு. விக்சமில் செய்த வண்டியை சின்சினாட்டியில் இருந்த ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் என்ற நிறுவனம் நடுவில் வெட்டி, சுமார் மூன்றரை அடி நீளம் கூட்டி, குடியரசுத் தலைவருக்காக மாற்றிக் கட்டியது. அப்போது அது கருநீலம், நீங்கள் எழுதியதைப் போல் கறுப்பு அல்ல. படுகொலைக்குப் பிறகு குண்டு துளைக்காத கவசமும் நிரந்தரக் கூரையும் போட்டார்கள், கறுப்புப் பெயின்டும் பிறகுதான் வந்தது. அப்படியே 1977 வரை அடுத்தடுத்த குடியரசுத் தலைவர்களுக்கு அது ஓடியது.

அடுத்தது, பின்னால் கீல் வைத்த கதவைத் "தற்கொலைக் கதவு" என்று தலைப்பிட்டு அபாயமான ஏற்பாடு என்று எழுதியிருந்தீர்கள். 1930-களில் பூட்டு சரியில்லாத வண்டிகளில் ஓடும்போது கதவு விலகினால் காற்று அதைப் பிடித்து முழுக்கத் திறந்துவிடும், அதனால் வந்த பெயர் அது. 1961-ல் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்படி வைத்திருந்தார்கள். கீலைப் பின்னால் வைத்ததற்குக் காரணமும் உண்டு. மாதிரி வண்டியில் ஏறி இறங்கிப் பார்த்த பொறியாளர்களின் கால் கதவில் இடித்துக்கொண்டே இருந்ததாம். வண்டியை நீட்டாமல் வழியைப் பெரிதாக்க அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள் என்று சொல்வார்கள். முட்டி வலி உள்ள எவரும் ஒரு முறை அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்து எழுந்து பார்த்தால் போதும், கதவு ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துவிடும். நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

எது உயர்ந்தது என்று கேட்டால் என் பதில் இதுதான். நின்றுகொண்டு பார்ப்பதற்கு 1941. அந்த பானெட்டின் கோட்டுக்கு ஈடாக 1961-ல் எதுவும் இல்லை. ஆனால் நீண்ட பயணத்துக்கு வயதான அம்மாவை உட்கார வைத்து அழைத்துப் போக வேண்டும் என்றால் யோசிக்காமல் 1961-ன் சாவியைத்தான் எடுப்பேன். குறையும் இருக்கிறது. இரண்டேகால் டன் எடை, பெட்ரோலை அண்டா அண்டாவாகக் குடிக்கும், கூரையை மடக்கி வைத்தால் டிக்கியில் ஒரு பெட்டிகூடச் சரியாக நுழையாது. இருந்தும், என் தொழிலில் இருப்பவனுக்கு, வெளியில் தெரியாத ஒரு வயர் முனையைக்கூட மூடி வைத்தவர்கள் மேல் வருகிற மரியாதை வேறு.

விக்சம் தொழிற்சாலையை 2007-ல் மூடினார்கள், பிறகு இடித்தும்விட்டார்கள். என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். இப்போது அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் கென்னடியின் வண்டி டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க இந்தப் பக்கம் வரும் தமிழ் அப்பா அம்மாக்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் போய், முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரைக்கும் ஓடும் அந்த ஒரே கோட்டையும் ஒரு நிமிடம் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

படக்குறிப்பில் உள்ள தவற்றுக்கு அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். 1961 வண்டியைப் பற்றித் தனியாக எழுத உங்கள் கட்டுரையாளர் விரும்பினால், கூரை இயங்கும் விதத்தையும் அந்த வயரிங் படத்தையும் விளக்கிச் சொல்ல நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
நோவி, மிச்சிகன்